ராணியை அமுக்கக் கூடாது

“ராணியை அமுக்கிக் காட்டுங்க சார்,” என்றாள் அவள்.

அறையில் இருந்த கடிகாரங்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. மற்ற எல்லாம் நின்றுவிட்டது. மேனேஜர் தூக்கிக்கொண்டு வந்த கையுறைப் பெட்டி மேசையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ள மறந்து போனார்.

இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்றே மேனேஜர் அவளை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “இங்க நீ எதை வேணா கேளும்மா. சம்பளத்தை ஏத்திக் கேளு, சார் யோசிப்பாரு. லீவு கேளு, முறைச்சுக்கிட்டே குடுப்பாரு. ராணியை அமுக்கிக் காட்டுங்கன்னு மட்டும் கேட்டுடாத. முன்னாடி ஒரு போட்டோகாரன் கேட்டான். அதுக்கப்புறம் அவனை நான் பாக்கவே இல்ல.”

“அவனை என்னண்ணே பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. கூப்பிடல. அவ்வளவுதான்.”

ராணி ஒரு கைக்கடிகாரம். க்ரோனோகிராஃப் என்ற ஜாதி. நேரம் காட்டுவது அதன் பாதி வேலைதான். விளிம்பில் இரண்டு பட்டன்கள் இருக்கும். மேல் பட்டனை அமுக்கினால் நடுவில் சும்மா நிற்கும் நீண்ட முள் புறப்பட்டு ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அமுக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு காலத்தில் கார் பந்தயக்காரர்களும் விமானிகளும் நாடி பார்க்கும் டாக்டர்களும் கட்டிக்கொள்ளச் செய்தது. இப்போது கார் ஓட்டாதவர்கள், பறக்காதவர்கள், யார் நாடியையும் பிடித்துப் பார்க்காதவர்கள் வாங்கி வெல்வெட் பெட்டியில் வைக்கிறார்கள்.

அப்படி வைக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர்தான் இவர். தொழில், கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுவது. பட்டனை அமுக்கினால் ஏதாவது நடந்தே தீர வேண்டிய தொழில். அதில் சம்பாதித்ததை எல்லாம் அமுக்காத பட்டன்களில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

சங்கத்தாருக்குச் சில கொள்கைகள் உண்டு. பழைய கடிகாரத்தின் கீறலைத் தேய்த்து எடுக்கக் கூடாது. ‘பாலிஷ்’ என்ற சொல்லை அவர்கள் முன்னால் சொன்னால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்ப்பார்கள். கறுப்பு டயல் வெயில் பட்டுப் பட்டு டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தால் விழுந்து கும்பிடாத குறைதான். அவள் அப்பாவும் குடோன் வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி அதே நிறத்துக்குத்தான் வந்திருந்தார். அவரை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ‘ஆகா’ என்று சொன்னதில்லை.

அவளை வைத்துக்கொண்டது புத்தகம் எழுத. தலைவரின் சேகரிப்பைப் பற்றி, பெரிய அளவில், வழவழப்புத் தாளில் ஒரு புத்தகம். அட்டையில் தலைவர் பெயர் பெரிதாகவும், அதன் கீழே ‘எழுத்து’ என்று போட்டு அவள் பெயர் சிறிதாகவும் வரும். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையையும் மின்சார பில்லையும் தவிர வேறெதிலும் அந்தக் குடும்பத்துப் பெயர் அச்சில் வந்ததில்லை. அப்பா இப்போதே கூடத்து அலமாரியின் நடுத்தட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டார். அந்த இடம் புத்தகத்துக்கு.

வேலையை அவள் தன் வழியில் செய்தாள். எந்தக் கடிகாரத்தைப் பற்றி எழுதினாலும் முதலில் கையுறையைக் கழற்றிவிட்டு, அதன் பட்டனைத் தன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எழுதுவாள். ‘தாழ்ப்பாள் விழுவது போல விழுகிறது.’ ‘பிடிவாதக்காரப் பிள்ளை, இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கும்.’ ‘பரீட்சைக்கு வாங்கிய புதுப் பேனா.’ தலைவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சிரித்தார், பிறகு சங்கக் கூட்டத்தில் அந்த வரிகளைத் தன் வரிகளைப் போல வாசித்துக் காட்டிக் கைதட்டலும் வாங்கினார். அவள் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அட்டையில் பெயர் வரட்டும், அப்புறம் யார் வரி என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

கடைசியாக மிஞ்சியது ராணி. அட்டைப்படமும் அவள்தான். அந்த வகையில் உலகத்திலேயே மிகச் சிலதான் மிச்சம் என்று தலைவர் சொன்னார். “ராணிக்கு நானே சொல்றேன், எழுதிக்கோ. ‘மெல்லிய கண்ணாடிக் குச்சி முறிவதைப் போன்ற துல்லியம்.’”

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“உள்ள இருக்கிற ஸ்பிரிங் ஒடைஞ்சா வேற கெடைக்காதும்மா,” என்றார் தலைவர், கண்ணாடி இல்லாத கண்களால் அவளைத் தேடிக்கொண்டே.

“சரி. அப்போ கண்ணாடிக் குச்சி எப்படி சார் தெரிஞ்சுது?”

“அனுபவம்.”

“இதை அமுக்கின அனுபவமா?”

மேனேஜருக்கு இருமல் வந்தது. வராத இருமலை வரவழைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். அவர் போன கதவு வழியாகவே டீத் தட்டோடு தலைவரின் மனைவி உள்ளே வந்தார்.

“என்ன, ரூம்ல சத்தத்தையே காணோம்? யாராவது பாலிஷ் போட்டுட்டாங்களா?”

“ராணியை அமுக்கிக் காட்டச் சொன்னேன்மா,” என்றாள் அவள்.

“அடிப்பாவி,” என்றார் அந்த அம்மாள் சந்தோஷமாக. “அமுக்கிக் காட்டுங்களேன். எனக்கும் இருபது வருஷமா ஆசை. இவரு வெளியூர் போனா எனக்குப் போன் பண்றதே ராணி நல்லாருக்காளான்னு கேக்கத்தான். எனக்கு ஜுரம்னா கூட மூணாவதாத்தான் கேப்பாரு.”

“ரெண்டாவது என்னம்மா?”

“ஏசி ஓடுதான்னு. அதுவும் ராணிக்காகத்தான்.”

டீயை வைத்துவிட்டுப் போனார். தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். ராணியைப் பெட்டியிலிருந்து எடுத்து, கையுறை போட்ட இரு விரல்களால் அவளிடம் நீட்டினார்.

“நீயே அமுக்கு.”

அவள் அமுக்கினாள்.

கரண்ட் போன வீட்டின் அழைப்பு மணியை அமுக்குவதைப் போல இருந்தது. பட்டன் உள்ளே போயிற்று. எந்த எதிர்ப்பும் இல்லை. நடுமுள் அசையவில்லை. விரலை எடுத்ததும் பட்டன் மரியாதையாக வெளியே வந்தது. கீழே சின்ன வட்டத்துக்குள் இருந்த நொடிமுள் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினாள். கீழ்ப் பட்டனையும் அமுக்கினாள்.

“போதும்,” என்றார் தலைவர். “அதுல ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“நடுமுள்ளை ஓட வைக்கிற பாகம் எதுவுமே உள்ள இல்ல. யாரோ ஒரு காலத்துல வேற கடிகாரத்துக்குப் போடக் கழட்டி எடுத்திருக்காங்க. முள்ளும் பட்டனும் பேருக்கு நிக்குது. நேரம் மட்டும் காட்டும். நல்லாத்தான் காட்டும்.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே அமுக்கிட்டேன். யாரா இருந்தாலும் அமுக்குவாங்கல்ல?”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவளுக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். “அப்போ மறுநாளே திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே சார்?”

“எப்படிக் குடுக்கறது? அன்னைக்குச் சாயங்காலமே சங்கத்துல சொல்லிட்டேனே. மாலை போட்டாங்க. பேசச் சொன்னாங்க, பேசிட்டேன். அந்தக் கண்ணாடிக் குச்சி அந்தப் பேச்சுல வந்ததுதான்.” தலைவர் டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “அதுவும் இல்லாம எனக்குக் குடுத்தது பழைய தலைவர். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தவரு. குடுக்கும்போது கையைப் பிடிச்சு, ‘எக்காரணம் கொண்டும் அமுக்காதே, எனக்குக் குடுத்தவரும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு’ன்னாரு. அவர்கிட்டப் போயி உங்க ராணி காலின்னு எப்படிச் சொல்றது?”

ஆக அந்தக் கடிகாரத்தோடு கைமாறி வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். பாகம் போன இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. சங்கத்தில் ஒருவராவது அமுக்கிப் பார்க்கவில்லையா என்றால், அமுக்கலாமா என்று கேட்பதே அநாகரிகம் என்று நினைக்கும் கூட்டம் அது. கண்ணாடி மூடிக்கு வெளியே நின்று, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

“சார், இதைவிட நல்ல பக்கம் புத்தகத்துல வேற எதுவும் வராது,” என்றாள். “நடந்ததை நடந்தபடி எழுதறேன். பேர்கூட வேணாம். யாருமே அமுக்கிப் பாக்காத ஒரு கடிகாரம், அமுக்கினா ஒண்ணுமில்ல. விழுந்து விழுந்து படிப்பாங்க.”

“விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“அப்போ ராணியை விட்டுட்டு மத்ததைப் போடுவோம்.”

“ராணி இல்லாம புத்தகமா? கல்யாணப் பொண்ணு இல்லாம கல்யாணமா?” தலைவர் மேசையின் மேல் குனிந்தார். லிஃப்ட் விற்கும் குரல் வந்துவிட்டது. “இங்க பாரும்மா. எனக்கு எதுக்கு இந்த வயசுல பேரு? அட்டையில உன் பேரை மட்டும் போட்டுக்கோ. தனியா. பெருசா. உன் புத்தகம்னே இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் நான் சொன்னபடி எழுதிடு. ஒரே ஒரு வரி.”

அவள் உடனே முடியாது என்றிருக்க வேண்டும். இல்லை. அட்டையில் தன் பெயரை மட்டும், தனியாக, பெரிதாகக் கண்ணுக்குள் ஒரு தடவை பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததற்காகவும் கோபம் வந்தது.

“ஞாயித்துக்கிழமை சொல்றேன்,” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை பழைய தலைவர் சாப்பிட வர்றாரு. நீயும் வா. அவர் முன்னாடியே படிச்சுக் காட்டிடு. வயசானவரு, சந்தோஷப்படுவாரு.”

வீட்டில் அப்பா சட்டை மாற்றாமல் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் அளவு டேப்.

“பாப்பா, புத்தகம் எவ்வளவு உயரம் வரும்? தட்டு பத்தலன்னா மேல் பலகையைத் தூக்கி அடிக்கணும்.”

அவள் செருப்பைக் கழற்றாமலே நடந்ததைச் சொன்னாள். அப்பா பொறுமையாகக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“ஒரு வரிதானே?” என்றார் அப்பா. “எழுதிட்டுப் போயேன். எவன் வந்து அமுக்கிப் பாக்கப் போறான்?”

“நான் அமுக்கிப் பாத்துட்டேனே அப்பா.”

“நீதான் வெளிய சொல்ல மாட்டியே.”

“மத்த கடிகாரத்துக்கெல்லாம் நான் அமுக்கிட்டு எழுதினது. இது ஒண்ணு பொய்யின்னா அதுவும் பொய்யாத்தானே போகும்? என் பேரைப் போட்டு நானே எப்படிப்பா...”

“உன் பேருதான் பெருசாப் போடறேங்கறாருல்ல? இவளைப் படிக்க வெச்சது தப்பாப் போச்சுடி,” என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்.

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? நீங்கதான் வெச்சீங்க,” என்றாள் அம்மா. “பேச்சுல நம்மள மிஞ்சணும்னுதானே வெச்சீங்க? மிஞ்சிட்டா. இப்போ அழுவறீங்க.”

அப்பா டேப்பைச் சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார். “குடோன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே பாப்பா. சூப்பர்வைசர் வரைக்கும் சொல்லிட்டேன். நேத்து ஸ்வீட்டு கூட வாங்கிக் குடுத்துட்டேன்.”

அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவள் அதே சொல்லைக் கேட்டாள். சொல்லிட்டேனே. லிஃப்ட் மாட்டுகிறவருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கும் வேறெதில் ஒற்றுமை இருக்கிறதோ இல்லையோ, இதில் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அந்த வரியை எழுதினால் அப்பாவும் காலமெல்லாம் அந்தப் புத்தகத்தைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். உள்ளே ஒரு வரி காலி என்று தெரிந்தவர். யாராவது பிரித்துப் பார்க்க வந்தால் வேண்டாம் என்பார். நல்ல தாள், அழுக்காகிவிடும் என்பார்.

இரண்டு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, போட்டுக்கொண்டு போகவேண்டிய சட்டையை இஸ்திரி போட்டாள். போட்டு முடித்து, பெட்டி ஆறும்வரை காத்திருந்து, அதைத் தூக்கி அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“ஒயரைச் சுத்தி வை,” என்றார் கடைசியில். “தொங்குது.”

தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய தலைவருக்குத் தலைப்பக்க நாற்காலி. கைத்தடியை மேனேஜர் வாங்கி வாசலில் சாத்தி வைத்தார். ராணியையும் பெட்டியோடு கொண்டுவந்து நீர்க்குவளைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்தார்கள். பழைய தலைவர் சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெற்று வளர்த்து வேறு வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைப் பார்ப்பதைப் போலத்தான் இருந்தது.

“இந்தப் பொண்ணுதான் எழுதுது,” என்றார் தலைவர். “எதையும் கையால அமுக்கிப் பாத்துதான் எழுதுவா.”

“ஓகோ,” என்று சிரித்தார் பெரியவர். “அப்போ ராணியையும் அமுக்கிப் பாத்துட்டியாக்கும்?”

வேடிக்கையாகத்தான் கேட்டார்.

“பாத்தேன் சார்,” என்றாள்.

பெரியவர் கையில் எடுத்த கரண்டியைத் தட்டில் வைத்தார். தலைவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை, சுண்ணாம்புதான்.

“அப்போ உனக்குத் தெரிஞ்சு போச்சு,” என்றார் பெரியவர்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவரின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. “உங்களுக்குத் தெரியுமா?”

“வாங்கின அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சேவா எனக்கு வித்தீங்க?”

“தெரிஞ்சதனாலதான் அமுக்காதேன்னு சொன்னேன்.”

“இருபது வருஷமா உங்க மனசு நோகக் கூடாதுன்னு நான் வாயைத் திறக்கல சார்!”

“நான் மட்டும் திறந்தேனா? உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்.” பெரியவர் துண்டால் வாயைத் துடைத்தார். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. “எனக்கு முன்னாடி வெச்சிருந்தவரு போனப்போ, சாவுக்குப் போயிருந்தேன். அவரு சம்சாரம் என்னைக் கூப்பிட்டு, ‘கடைசி வரைக்கும் உங்களைத்தான் சொல்லிட்டிருந்தாரு’ன்னாங்க. எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது.”

தலைவரின் மனைவி குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். பெட்டியைத் திறந்து, ராணியை எடுத்து, அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார்.

“இதுக்கா?” என்றார்.

அவர் ராணியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் குழம்பைப் பரிமாற ஆரம்பித்தார். பெரியவர்தான் முதலில் தேறினார். சங்கம் நடத்திய அனுபவம்.

“சரி, நடந்தது நடந்து போச்சு. இப்போ நாலு பேருக்குத்தான் தெரியும். நாலோட நிக்கட்டும்.” அவள் பக்கம் திரும்பினார். “நீ நல்ல பொண்ணும்மா. படிச்ச பொண்ணு. அந்தக் கண்ணாடிக் குச்சி வரி ரொம்ப நல்ல வரி. அப்படியே போட்டுடு.”

“போட்டுடும்மா,” என்றார் தலைவரும். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதற இருந்தவர்கள், இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாணவர்களைப் போல அவளைப் பார்த்தார்கள். “உன் பேரு மட்டும்தான். நான் வாக்கு மாற மாட்டேன்.”

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். புத்தகத்தில் ராணிக்கான பக்கம். இரண்டே வரி. ‘இதன் பட்டன் வேலை செய்யாது. அமுக்கிப் பார்த்தேன்.’

தலைவர் இரண்டு வரியையும் நெடுநேரம் படித்தார்.

“இதைப் போட முடியாதும்மா.”

“தெரியும் சார். அதனால என் பேரை எடுத்துடுங்க. நான் அமுக்கிப் பாத்து எழுதின வரி எல்லாத்தையும் எடுத்துடுங்க.”

“அப்புறம் புத்தகத்துல என்ன இருக்கும்?”

“படம் இருக்கும் சார். நல்லா இருக்கு படமெல்லாம்.”

“அவசரப்படாத. உக்காந்து சாப்பிடு. சாப்பிட்டுட்டுப் பேசலாம். உங்க அப்பா எவ்வளவு ஆசையா...”

“எங்கப்பாவை நான் பாத்துக்கறேன்.”

“குழம்பு ஊத்திட்டேனேம்மா,” என்றார் அந்த அம்மாள்.

“இன்னொரு நாள் உங்களுக்காக வர்றேன்மா,” என்றாள். அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கையுறையைப் பையிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் பெரியவர், “என்ன பொண்ணுய்யா இது,” என்பதும், தலைவர், “நீங்க பேசாதீங்க, நீங்க பேசவே பேசாதீங்க,” என்பதும் கூடத்தைத் தாண்டும்வரை கேட்டது.

வாசலில் மேனேஜர் கைத்தடிக்குக் காவலாக நின்றிருந்தார். அவள் செருப்பு மாட்டுவதைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நானும் இத்தனை வருஷமா இருக்கேன்மா, கேக்கவே பயம். இப்போ நீதான் போறியே, சொல்லிட்டுப் போ. ராணியை அமுக்கினா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாதுண்ணே,” என்று சொல்லிவிட்டு, அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.